கணவாய் திறந்திருக்கிறது

தாலாய் எழுதுவான், நூர்சாத் உடைத்துப் பார்ப்பாள். பிஷ்கெக்கில் பழைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், சமையலறை மேசையே அலுவலகமாக இருந்த அந்த வீட்டில், கல்யாணமானதிலிருந்து நடந்த தொழில் இதுதான்.

இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதே தாலாய்க்கு, கம்ப்யூட்டர் நிரல் எழுதும் பெர்ல் மொழி மேல் பைத்தியம். மற்றவர்கள் புதுப்புது மொழிகளுக்குத் தாவினார்கள். இவன் மட்டும் தாவவில்லை. "பொண்டாட்டிய மாத்துனாலும் மாத்துவேன், பெர்ல மாத்த மாட்டேன்" என்று நூர்சாத்தை வைத்துக்கொண்டே சொல்வான். "மாத்திப் பாரேன். உன் நிரல்ல இருக்கிற ஓட்டைய எவ வந்து கண்டுபிடிக்கிறான்னு நானும் பாக்கிறேன்" என்பாள் அவள்.

அவர்கள் சேர்ந்து கட்டியது ஒரு வலைச் சட்டகம். இணையதளம் உண்டாக்குகிறவனுக்கு அது அஸ்திவாரமும் தூணும் மாதிரி. வருகிறவர் எந்த முகவரியைக் கேட்கிறார், அவருக்கு எந்தப் பக்கத்தை எடுத்து நீட்ட வேண்டும், இல்லாத முகவரியைக் கேட்டால் எப்படி மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். உலகத்தில் இப்படிப்பட்ட சட்டகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை யானைகள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் யானையைக் கட்ட முடியாது. தாலாய் எழுதியது ஒரே கோப்பில் அடங்கிவிடும். வேறு எதையும் பின்னால் இழுத்துக்கொண்டு வராது. அதற்குச் சிம்சிக் என்று பெயர் வைத்தான். அவர்கள் மொழியில் குருவி.

குருவிக்குச் சோதனைகள் எழுதியவள் நூர்சாத். சோதனை என்றால் அதுவும் ஒரு நிரல்தான். சட்டகத்திடம் ஒரு கேள்வி கேட்கும், பதில் சரியாக வந்தால் திரையில் 'ஓகே' என்று ஒரு வரி விழும், தப்பாக வந்தால் 'நாட் ஓகே'. சாதுவான கேள்விகளை அவள் கேட்கமாட்டாள். முகவரியில் பாதியை விழுங்கிவிட்டுக் கேட்பாள், ஒரே கதவை ஆயிரம் பேர் தட்டுகிற மாதிரி தட்டுவாள், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் குப்பையைக் கொட்டுவாள்.

"எந்த மனுஷன் இப்படி ஒரு முகவரிய அடிப்பான்?" என்று தாலாய் தலையில் கை வைப்பான்.

"நீ வீடு கட்டுறவன் மாதிரி யோசிக்கிற. நான் திருட வர்றவ மாதிரி யோசிக்கிறேன்."

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு திருடியையே கட்டியிருக்கலாம்."

"அதத்தான் செஞ்சிருக்க."

அந்த வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. எல்லாச் சோதனையும் தேறினால்தான் குருவி வெளியே போகும். ஒன்று தவறினாலும் கூட்டுக்குள்தான்.

சிம்சிக்கை வைத்துச் சின்னச்சின்னத் தளங்கள் பல ஓடின. ஊர் அறிந்தது ஒன்றுதான், கணவாய்த் தளம். தலாஸ் பக்கத்திலிருந்து வேன் ஓட்டும் ஜூமார்த் பைகே, அதாவது ஜூமார்த் அண்ணன், கேட்டுச் செய்து கொடுத்தது அது. சாரி-கயா கணவாயில் பனி சரிந்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடியது தெரியாமல் பாதி மலை ஏறிவிட்டுத் திரும்பி வருவது ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாகியிருந்தது. மேலே இருக்கும் காவல்காரர் ஒரு குறுஞ்செய்தி தட்டிவிட்டால் போதும், தளத்தில் 'திறந்திருக்கிறது' என்பது 'மூடியிருக்கிறது' என்று மாறும். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. மலையடிவாரத்தில் ஒற்றைக் கோடு சிக்னல் இருந்தாலும் திறக்கும். ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்புமுன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அதையும் ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள்.

தாலாய்க்கு நாற்பத்து மூன்று வயது நடந்தபோதுதான் அது தொடங்கியது. முதலில் சொற்கள் போயின. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "அந்த இது, கலக்குறது" என்பான். களைப்பு என்று நினைத்தார்கள். பிறகு நிரலில் தெரிந்தது. பெர்லில் ஒற்றைப் பொருளுக்கு முன்னால் டாலர் குறி வரும், வரிசைக்கு முன்னால் வேறொரு குறி வரும். பதினெட்டு வயதிலிருந்து அவன் கை தானாகப் போட்ட குறிகள் அவை. அவை இடம் மாறி விழ ஆரம்பித்தன. நேற்று எழுதிய பகுதியையே இன்று வேறு பெயரில் திரும்ப எழுதினான். இரண்டும் ஒன்றுதான் என்பது அவன் கண்ணில் படவில்லை.

நூர்சாத்தின் கண்ணில் பட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை. காலையில் அவன் எழுவதற்கு முன் தேநீரைப் போட்டுவைத்துவிட்டு, முந்தின நாள் அவன் எழுதியதைத் திறந்து குறிகளைத் திருத்தி, இரட்டையை ஒற்றையாக்கி மூடிவிடுவாள். அவன் வந்து உட்கார்ந்து சோதனைகளை ஓட்டுவான். வரிசையாக ஓகே, ஓகே என்று விழும். "பாத்தியா?" என்று அவளைத் திரும்பிப் பார்ப்பான். "பாத்தேன்" என்பாள்.

இலையுதிர் காலத்தில் மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மாள் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது, வயதானவர்களுக்குத்தான் வரும் என்றில்லை, நிறுத்துவதற்கு மருந்து கிடையாது என்று ரஷ்ய மொழியில் மெதுவாகச் சொன்னார். தாலாய் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து டிராலி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"மெமரி கசியுதுங்கிறாங்க. நம்ம சர்வருக்கு வராததா? அத அணைச்சுப் போட்டா சரியாப் போயிடும். என்னை அணைச்சுப் போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

நூர்சாத் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேளு" என்றான். "என்னை வேலை செய்ய விடு. சும்மா உக்கார வச்சிடாத. எழுதுற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம். தப்பா எழுதினா சோதனை சொல்லிடப்போகுது. சோதனைய நான் நம்புறேன்."

"சரி" என்றாள். அந்தச் சரியை நினைத்து அவள் பின்னாளில் அழுத அழுகை கொஞ்சமில்லை.

அதன்பிறகு காலைத் திருத்தம் அன்றாட வேலையாகிப்போனது. ஒரு வரி, இரண்டு வரி என்று இருந்தது பக்கம் பக்கமாக வளர்ந்தது. அவன் எழுதியதில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதுகூடக் கஷ்டமாகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் கை இருக்கிறாற்போலவும் இருக்க வேண்டும், நிரல் ஓடவும் வேண்டும். கிழிந்த கம்பளத்தில் அதே நிறத்து நூலைத் தேடித் தேடி ஒட்டுப்போடுகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

குளிர் காலம் தொடங்கியதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சட்டகம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்கிறவருக்கும் அதையே எடுத்துக் கொடுக்க வேண்டும். விவரம் மாறினால் மட்டும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். குருவி இன்னும் லேசாகும், இன்னும் வேகமாகப் பறக்கும். நல்ல யோசனைதான். பழைய தாலாய் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பான். இந்தத் தாலாய் வாரக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டினான். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுதினான். ஒருநாள் காலை, வழக்கத்துக்கு மாறாக அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் கழுவியிருந்தான், சவரம்கூடச் செய்திருந்தான்.

"முடிச்சிட்டேன்டி. நீயே ஓட்டு. நான் ஒரு தேநீர் போட்டுட்டு வர்றேன்."

அவன் அடுப்பண்டை நிற்கும்போது நூர்சாத் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தை நினைவில் வைக்கும் பகுதிக்கான சோதனைகளில் பாதி விழுந்துவிட்டன. பழைய பக்கத்தைத் தூக்கிப் போடவேண்டிய நேரத்தில் சில சமயம் போட்டது, சில சமயம் அதையே எடுத்து நீட்டியது. ஒரு நிமிஷத்தில் திருத்துகிற காரியமில்லை. அவனோ அங்கே இரண்டு கிண்ணங்களையும் துடைத்து, அடுக்கி, மெல்லிய குரலில் ஏதோ முனகிக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முனகல் அது.

பெர்லின் சோதனைக் கருவியில் ஒரு வசதி உண்டு. 'இன்னும் செய்யவேண்டியது' என்று ஒரு முத்திரை. முத்திரை குத்திய சோதனை தவறினாலும் கருவி அதைத் தவறாகக் கணக்கில் எடுக்காது, கடைசியில் எல்லாம் தேறிவிட்டதாகவே சொல்லும். பாதியில் நிற்கும் வேலைக்காக ஏற்பட்ட சலுகை அது. தவறிய அத்தனை சோதனைக்கும் நூர்சாத் அந்த முத்திரையைக் குத்தினாள். இன்று ஒருநாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக் காலையில் உட்கார்ந்து திருத்திவிடலாம் என்று நினைத்தாள். அவன் கிண்ணங்களோடு வந்தான். அவள் மறுபடி ஓட்டினாள். எல்லாம் தேறியது.

தாலாய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

மத்தியானம் அவள் மருந்துக் கடைக்குப் போனாள். அந்த நேரத்தில், சோதனை தேறிய எதையும் எப்போதும் செய்கிற மாதிரி, புதிய குருவியைக் கணவாய்த் தளத்தில் ஏற்றிவிட்டான் தாலாய். விரல்களுக்கு அது இன்னும் மறக்கவில்லை. ஏற்றியதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டான். மறுநாள் காலையில் அவனுக்குக் காய்ச்சல். அவனைக் கவனிக்க அவள் அலைந்ததில் முத்திரைகள் அப்படியே கிடந்தன.

அந்த வாரம் சாரி-கயாவில் பனி சரிந்தது. காவல்காரர் செய்தியைத் தட்டினார். தளம் சிலருக்கு மூடியிருக்கிறது என்றது, சிலருக்குத் திறந்திருக்கிறது என்றது. ஜூமார்த் பைகேவின் போனில் திறந்திருக்கிறது என்று வந்தது. அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார்.

அவர் உயிரோடு இருக்கிறார், பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது அவருடைய மருமகன் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரிந்தது. ஆப்பிளும் கேஃபிர் என்ற புளித்த பாலும் வாங்கிக்கொண்டு இருவரும் பார்க்கப் போனார்கள். காய்ச்சல் விட்டுத் தாலாய் அன்று தெளிவாக இருந்தான். ஜூமார்த் பைகே வலது காலை உயரத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. கால்ல மூணு விரலை மலைக்குக் காணிக்கை குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே செருப்பு வாங்கினா விலையில கொஞ்சம் தள்ளிக் கேக்கணும்."

"வண்டில இருந்தவங்க எப்படி இருக்காங்க அண்ணே?" என்றாள் நூர்சாத்.

"எல்லாரும் பொழச்சாங்க. ராத்திரி பூரா பனியில மாட்டிக்கிட்டு, ஸ்டெப்னி டயர எரிச்சுக் குளிர் காஞ்சோம். ஒரு புள்ளத்தாச்சி இருந்தா வண்டில. என் காலுறையையும் கழட்டி அவளுக்குக் குடுத்துட்டேன். அதான் இது." காலைக் காட்டினார். "அவளும் நல்லாத்தான் இருக்கா. குழந்தைதான் தங்கல."

நூர்சாத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல குத்தம் சொல்லலம்மா. காவல்காரன் செய்தி அனுப்ப மறந்திருப்பான். நான் ரெண்டு தடவ பாத்தேன். திறந்திருக்குன்னுதான் போட்டிருந்துச்சு."

"அப்படி இருக்காதே அண்ணே" என்றான் தாலாய். "புதுசு போட்டேன். எல்லாச் சோதனையும் தேறித்தானே போட்டேன்." நூர்சாத்தைத் திரும்பிப் பார்த்தான். "நீதானே ஓட்டின?"

அவள் ஆப்பிள் பையை அவன் கையில் கொடுத்தாள். அவன் பார்வை அவள் முகத்திலேயே நின்றது. பிறகு ஆப்பிளை மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"சொல்லு."

அவள் சொன்னாள். முத்திரையைச் சொன்னாள். காலைத் திருத்தங்களைச் சொன்னாள். போன வருஷத்திலிருந்து என்றாள்.

"போன வருஷத்திலேர்ந்தா?"

"ஆமா."

"அப்போ நான் எழுதினது?"

"கொஞ்சம் இருக்கு."

"எவ்வளவு?"

"கேக்காத தாலாய்."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "முத்திரைய எடு. எடுத்துட்டு ஓட்டு" என்றான்.

"வேண்டாம்."

"எடு நூர்சாத்."

அவள் எடுத்தாள். ஓட்டினாள். திரையில் சிவப்பாக வரிகள் விழுந்தன. நாட் ஓகே. நாட் ஓகே. தாலாய் திரையை நோக்கிக் குனிந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையைப் போல ஒவ்வொன்றாக வாசித்தான். "விவரம் மாறினால் பழைய பக்கம் போகவேண்டும். தேறவில்லை. மாறிய உடனே கேட்டாலும் புதியது வரவேண்டும். தேறவில்லை." கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுச் சாய்ந்தான்.

"நல்ல சோதனைங்கடி" என்றான். "சரியாத்தான் கேட்டிருக்க. இத என்கிட்ட காட்டியிருந்தா அந்தக் குழந்தை இருந்திருக்கும்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கும். அவன் திட்டவில்லை. நூர்சாத் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் தலையைத் தடவவில்லை, தள்ளிவிடவும் இல்லை.

"நான் பலவீனமா இருந்தேன், சரி" என்றான் கடைசியில். "ஆனா நீ என்னைத் தனியா விட்டுட்டியே. ஒரு வருஷமா நான் யார்கூட வேலை செஞ்சேன்?"

 

மறுநாள் அவன் சொல்ல, அவள் செய்தாள். பக்கத்தை நினைவில் வைக்கும் பகுதி முழுவதையும் சட்டகத்திலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். "மெதுவா இருந்தாலும் இருக்கட்டும். நினைவு வச்சுக்கத் தெரியாதது நினைவு வச்சுக்கவே வேண்டாம்" என்றான். பிறகு தான் இனி எதையும் தளத்தில் ஏற்ற முடியாதபடி தன் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, மாற்றும்போது எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். தளத்தின் முகப்பில் அவர்கள் பெயர் போட்டு நடந்ததை எழுதினார்கள். தவறு எங்களுடையது, காவல்காரருடையது அல்ல என்று எழுதச் சொன்னவனும் அவன்தான். அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார்கள். கதவைத் திறந்த மாமியார்க்காரி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே வரச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். கொண்டுபோன மாவு மூட்டையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இறங்கும்போது தாலாய் படிக்கட்டில் தடுமாறினான், அவள் பிடிக்கப் போனாள். "விடு, நானே இறங்கறேன்" என்றான்.

அதன்பிறகு அவன் எழுதவில்லை. எழுதுகிற வரைக்கும் இருக்கிறேன் என்று சொன்னவன், எழுதுவதை நிறுத்தியதும் சொன்னபடியே போக ஆரம்பித்தான். வசந்தத்தில் கட்டட வாசலைத் தவறவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தில் நான்காம் மாடிக் கதவைத் தட்டினான். கோடையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவனோடு அந்த ஒரு நாளைப் பற்றி இன்னொரு தடவை பேச வேண்டும் என்று நூர்சாத் நினைத்துக்கொண்டே இருந்தாள். அவனுக்கு அந்த நாள் மறந்துபோய்விட்டது என்று தெரிந்தபோது, மன்னித்துவிட்டானா என்று கேட்பதற்குக்கூட ஆளில்லாமல் போனது.

குருவி இன்னும் பறக்கிறது. கணவாய்த் தளமும் ஓடுகிறது. ஓட்டுநர்கள் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுக் காவல்காரருக்கு ஒரு போனும் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். ஜூமார்த் பைகே வண்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டார். பெருநாளுக்கு நூர்சாத் போன் செய்தால் எடுத்துப் பேசுவார், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவராகப் போன் செய்வதில்லை.

சென்ற இளவேனிலில் ஒரு மத்தியானம் அவள் சோதனைகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். தாலாய் பின்னால் வந்து நின்று, திரையில் விரிந்துகிடந்த சட்டகத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் நன்றாக இருந்த நாளில் எழுதிய பகுதி அது.

"இத எழுதினவன் கொஞ்சம் திமிர் பிடிச்சவன் போல" என்றான். "நாலு வரில சொல்றத ஒரு வரில திணிச்சிருக்கான்."

"திமிர்தான். ஆனா கெட்டிக்காரன்" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

அவள் திரும்பினாள். பாலிடெக்னிக் வாசலில் பார்த்த நாளிலிருந்து அவன் அவளை நீ என்றுதான் அழைத்திருக்கிறான். வகுப்பில் எல்லாரும் நீங்க, வாங்க என்றிருந்தபோதும் நீ, வா என்றவன். இப்போது வெளியூர்ப் பெண்ணிடம் பேசுகிறவனைப் போல ஓரடி தள்ளி நின்று, கையை முன்னால் கட்டிக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தான்.

"தெரிஞ்சவர்தான்" என்றாள்.

"ஏன் அழறீங்க? ஏதாச்சும் தப்பா கேட்டுட்டேனா?"

"இல்ல. நீங்க ஒண்ணும் தப்பா கேக்கல." அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். "உக்காருங்க. சூப் சூடு பண்றேன். சாப்பிடுறீங்களா?"

"உங்களுக்குச் சிரமம் இல்லன்னா" என்று தாலாய் நாற்காலியின் விளிம்பில், விருந்தாளியைப் போல உட்கார்ந்தான்.